கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சி

என் பெரியம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். அவருக்குப் போனது ஐந்து நிமிட ஞாபகம் மட்டும்தான். மற்றதெல்லாம் பத்திரமாக இருந்தது. குடவாசலில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்பதுவரை இருந்தது. அதனால் தெருவில் சிலருக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயமும் இருந்தது.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் பெரியம்மா ஸ்கூட்டியின் பின்சீட்டிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். காயம் சீக்கிரம் ஆறிவிட்டது. ஆனால் கேட்டதையே மறுபடியும் கேட்க ஆரம்பித்தார். தஞ்சாவூர் டாக்டர் சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, அந்தச் சொற்கள் என்ன என்று கேட்டாராம். “எந்தச் சொல்லு? நீங்க ஒண்ணுமே சொல்லலையே” என்று பெரியம்மா அவரிடமே சண்டைக்குப் போய்விட்டார்.

டாக்டர் சொன்னதை என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். புதிதாகக் கேட்கிற எதுவும் முதலில் வாசலில்தான் நிற்குமாம். கொஞ்ச நேரம் நின்றால்தான் உள்ளே போய் உட்காரும். பெரியம்மாவுக்கு வீட்டின் உள்ளே ஒரு குறையும் இல்லை, முன்பே வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில்தான் யாரும் நிற்பதில்லை. எனக்கு இது நன்றாகவே விளங்கியது.

சவூதியில் வேலை பார்த்த பெரியப்பா என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். வீடியோ காலில், “பெருநாள் கழிச்சு லீவுல வர்றேன்” என்பார். பெரியம்மாவின் முகம் மலரும். கொஞ்சம் பொறுத்து பெரியப்பா அதையே மறுபடி சொல்வார். முதல் தடவை கேட்பதுபோலவே மறுபடி மலரும். ஒரே டிக்கெட்டில் பெரியப்பா அந்த வருஷம் எத்தனை முறை ஊருக்கு வந்தார் என்று சொல்ல முடியாது.

பிறகு ரமலான் வந்தது. வம்பும் வந்தது.

எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி பெரியம்மாவின் கஞ்சி. எங்கள் வயல் நெல்லின் நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால். எல்லாம் எல்லோரும் போடுவதுதான். சிக்கல் உப்பில் இருக்கிறது. சமைக்கிறவர் நோன்பில் இருப்பதால் ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரியம்மா அதற்கு ஒருநாளும் ஒப்பியதில்லை. “கை மேல நம்பிக்கை இல்லாதவதான் நாக்கக் கேப்பா” என்பார். அதிகம் போனால் நோன்பில்லாத என்னைக் கூப்பிட்டு ஒரு கரண்டி ஊற்றிக் கொடுப்பார். அந்த வருஷமோ நான் முதல் முறையாக முழு நோன்பு பிடிப்பதென்று அடம்பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரத்தில் ஒருநாள் கஞ்சியில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. இன்னொரு நாள் விழவே இல்லை. “நீங்க உக்காருங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்” என்று அம்மா கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவுதான் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “நான் என்ன மௌத்தா ஆயிட்டேன்? உசுரோடதானே இருக்கேன்?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவர், மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். காலையிலேயே அன்றைய கஞ்சிக்கு வேண்டிய உப்பை ஒரு கொட்டாங்கச்சியில் எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிடுவார். உப்பைப் போட்டதும் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துவிடுவார். நிமிர்ந்திருந்தால் போடவில்லை, கவிழ்ந்திருந்தால் போட்டாயிற்று. காதில் விழுந்தது நிற்காவிட்டாலும் இந்தக் கைப்பழக்கம் நின்றுவிட்டது. அதன்பிறகு உப்பு ஒருநாளும் தவறவில்லை. ஆனால் தவறியதைப் பேசிய வாய் எதுவும் தவறாததைப் பேசவில்லை.

வருஷா வருஷம் ஒருநாள் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் நோன்பு திறப்பார்கள். அந்த நாளைத்தான் நான் என் முதல் நோன்புக்குத் தேர்ந்தெடுத்தேன். அன்று கஞ்சி கெட்டால் அடுப்படியை அம்மாவே எடுத்துக்கொள்வது என்று அம்மாவும், அத்தாவின் தங்கையான மாமியும் முந்தின நாளே பேசி முடிவு செய்திருந்தார்கள். பெரியம்மாவின் காதுபடவே பேசினார்கள். மறந்துவிடுவார் என்ற தைரியம். நான் மறக்கவில்லை. மதியத்திலிருந்து அடுப்படி ஜன்னலோரம் காவல்போல உட்கார்ந்துவிட்டேன்.

பெரியம்மா உப்பைப் போட்டார், கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தார், சாயங்கால அஸர் தொழப் போனார். அம்மா வந்தார். கஞ்சியைப் பார்த்தார், கொட்டாங்கச்சியைப் பார்த்தார், நம்பவில்லை. “நீ கொஞ்சம் வாயில வச்சுப் பாருடி” என்றார்.

“எனக்கு நோன்பு. பெரியம்மா உப்புப் போட்டாங்க, நான் பாத்தேன்.”

“நீ பசி மயக்கத்துல இருக்க” என்று சொல்லிவிட்டு அம்மா ஜாடிக்குள் கையை விட்டு ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார்.

என் சாட்சியத்தை மதிக்காதவர்களோடு இனிப் பேசுவதில்லை என்று உதட்டை இறுக்கிக்கொண்டேன். நோன்பாளி வீண்பேச்சுப் பேசக்கூடாது என்று பள்ளிவாசல் ஹஜரத்தும் சொல்லியிருந்தார். அதனால் சற்று நேரத்தில் மாமி வந்து, அதேபோலப் பார்த்து, அதேபோல நம்பாமல் இன்னொரு கை போட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதும் கிடையாது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், ஒரு வாய்த் தண்ணீர், பிறகு கஞ்சி. கூடத்தில் கைகள் பாதியில் நின்றன. எதிர்வீட்டு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார், இரண்டாவது வாய்க்குத் துணியவில்லை. எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்து ‘பாவம்’ என்று தலையசைத்தார்கள். “நாளையிலேருந்து நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா” என்றார் அம்மா.

பெரியம்மா ஒரு கணம் விழித்தார். உப்புப் போட்டது அவருக்கு நினைவில்லை. போடாததும் நினைவில்லை. பிறகு எழுந்து நேரே அடுப்படிக்குப் போய், அங்கிருந்தே கூப்பிட்டார். “எல்லாரும் இங்க வாங்க.”

போனோம். கொட்டாங்கச்சி கவிழ்ந்தபடியே இருந்தது.

“எனக்கு ஞாபகம் இல்ல. இதுக்கு இருக்கு. நான் ஒரு தடவதான் போட்டிருக்கேன். மிச்சத்த யாரு போட்டது?”

அம்மா தரையைப் பார்த்தார். மாமி அம்மாவைப் பார்த்தார். நான் என் மௌன விரதத்தை அங்கேயே முடித்துக்கொண்டேன். “அம்மா ஒரு கை, மாமி ஒரு கை!” என்று கத்தினேன். முதலில் சிரித்தது டீச்சர்தான். பெரியம்மா சிரிக்கவில்லை. வெந்நீரும் இன்னும் இரண்டு தேங்காயின் பாலும் கொண்டுவரச் சொல்லி, கஞ்சியை இளக்கிச் சரிசெய்து, எல்லோருக்கும் தன் கையாலேயே மறுபடி ஊற்றினார். மிச்சம் பக்கத்துத் தெருவுக்கும் போனது. அடுப்படியைப் பற்றி யாரும் அப்புறம் பேச்செடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தபிறகு பாத்திரம் கழுவுமிடத்தில் பெரியம்மா என்னைக் கேட்டார். “கஞ்சி எப்படிடி இருந்துச்சு? உப்பு சரியா இருந்துச்சா?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய வெற்றி வாசலில்கூட நிற்காமல் போய்விட்டதே! நான் விடுவதாக இல்லை. பெரியப்பா செய்ததை நானும் செய்தேன். முதலிலிருந்து, ஒவ்வொருவர் முகத்தையும் நடித்துக் காட்டிச் சொன்னேன். “நானா அப்படிக் கேட்டேன்?” என்று பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாளும் சொன்னேன். அந்த மாதம் முழுக்கச் சொன்னேன். பெரியம்மா தினமும் புதிதாக ஜெயித்தார்.

இதெல்லாம் அம்மா பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போதே நடந்தது. சாம்பாரில் புளி தூக்கல் என்று அத்தா சொன்னால் அன்று முழுக்கப் பேசாத அம்மா, என்னை ஒருநாளும் அதட்டவில்லை. பெருநாளுக்கு முந்தின நாள் அலுப்பில் நான் சுருக்கமாகச் சொல்லி முடிக்கப் பார்த்தேன். அம்மா திரும்பாமலே சொன்னார்.

“ஒழுங்காச் சொல்லுடி. மொதல்ல போட்டது நான்தான். அதுவும் ஒரு கை இல்ல, ரெண்டு கை அள்ளிப் போட்டேன்.”

பெரியம்மா அன்று சிரித்த மாதிரி என்றைக்கும் சிரித்ததில்லை. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. நான் ஜன்னலோரத்திலிருந்து கண்ணால் பார்த்தவள், அம்மா போட்டது ஒரு கைதான். அதைத் திருத்த வாயெடுத்தேன். அம்மா திரும்பி என்னை ஒரு முறை முறைத்தார்.