ஐஸ் வைத்த சங்கரா

ஆறாம் வகுப்புப் படிக்கும்போது நான் ஒரு துப்பறியும் நிபுணர். பட்டத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். காரணம், பெரியம்மா மகளின் போனில் நாங்கள் பார்த்த ஜப்பான் கார்ட்டூன் தொடர். அதில் நாலு ஹைஸ்கூல் பிள்ளைகள் துப்பறிவார்கள். கொலை கிடையாது, கொள்ளை கிடையாது. மழையே பெய்யாத நாளில் குடை எப்படி நனைந்தது, பாட்டு வாத்தியார் ஏன் மாடிப் பக்கமே வருவதில்லை, இதுதான் கேஸ். கீழே ஓடும் எழுத்தை அக்கா படித்துச் சொல்வாள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

எங்கள் வீடு காசிமேட்டில். நைனா பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அந்த வருஷம் ஐப்பசியில் எண்ணூர் முகத்துவாரத்தில் போட் கவிழ்ந்து, டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு அரை நாள் மிதந்து பிழைத்து வந்தார். ஒரு மாசம் வீட்டிலேயே கிடந்தார். கடலுக்குப் பயந்தவன் என்று பேர் வந்துவிட்டால் எங்கள் தெருவில் ஆயுசுக்கும் கிண்டல்தான். பிறகு ஒருநாள் விடியலில் கிளம்பிப் போய், மதியம் கறிமீனோடு வந்தார். போட்டில் போனவர்கள் வீட்டுக் குழம்புக்கென்று பிரித்துக்கொள்ளும் மீன் அது. அம்மா பையைப் பிரித்துப் பார்த்தாள். அப்புறம் வாசலுக்குப் போய், தெருவே கேட்கிற மாதிரி, "எம் புருஷன் மறுபடி கடலுக்குப் போய்கினு கீறாரு" என்றாள்.

நான் விசாரணையை ஆரம்பித்தேன். கறிமீன் என்றால் நாலு காரப்பொடி, ரெண்டு கவளை, ஒரு நண்டு என்று வலையில் விழுந்ததெல்லாம் இருக்கும். இப்போதோ தினமும் ஒரே அளவில் சங்கரா. அதுவும் ஐஸில் விறைத்தது. விடியலில் போய் மதியம் திரும்புகிற பைபர் போட்டில் ஐஸ் ஏது? நைனாவின் சட்டையில் உப்புப் பூக்கவில்லை. காலில் மட்டும் லாரி ரோட்டுக் கறுப்புத் தூசி.

காத்திவாக்கத்திலிருந்து அத்தையும் மாமாவும் சாப்பிட வந்திருந்த மத்தியானம், தொடரில் வரும் பிள்ளைகளைப் போலவே எழுந்து நின்றேன்.

"இது போட்டு மீனே இல்ல. நைனா மார்க்கெட்டுல வாங்கியாறாரு. அவுரு கடலுக்கே போறதில்ல. ஐஸ் வெச்ச மீனு, பாருங்க!"

"ஐஸு நாந்தான்டி வெச்சேன். வாய மூடிகினு துன்னு" என்றாள் அம்மா.

"நம்ம வூட்ல ஃபிரிட்ஜே இல்லியேம்மா!"

அடடா, என்ன பெருமை எனக்கு! கைதட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன். மாமா பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நைனா தட்டைப் பார்த்தபடி, "ஆமா மச்சான். கன்டெய்னர் யார்டுல வேலைக்குப் போறேன். போட்டுல ஏறவே பயமா கீது" என்றார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். மறுநாளிலிருந்து நன்றாக விடிந்த பிறகு, டிபன் பாக்ஸோடு, தெருவே பார்க்கும்படி யார்டுக்குப் போனார். மீன் கொண்டுவருவது நின்றுபோனது.

அம்மா என்னை அடிக்கவில்லை. மார்க்கெட்டில் பதினைந்து வருஷமாக மீன் விற்றவள். பையைப் பிரித்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அந்த வாரம் அக்காவோடு தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். பாட்டு வாத்தியார் மாடிக்கு வராத காரணத்தை அந்த நாலு பேரில் ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"இன்னாக்கா, பாதியில கட்டாயிடுச்சு? மீதிய டவுன்லோட் பண்ணு" என்று அக்காவிடம் சண்டை போட்டேன்.