பொட்டு வைத்த கட்டடம்

கட்டடத்துக்கு மூளை இருக்கிறது என்று நம்பிய நாளிலிருந்து நரஹரி ராவ் தன்னுடையதை உபயோகிப்பதை நிறுத்திவிட்டார்.

ஹைதராபாத்தில் நானக்ராம்கூடாவில் இருக்கும் வைஜயந்தி டவர்ஸுக்கு அவர் மேலாளர். நான் அவருக்குக் கீழே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவள். இங்கே வருவதற்கு முன் அவர் கரீம்நகரில் ஒரு ஷாப்பிங் மாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். ஏசி ஓடவில்லை என்றால் மொட்டைமாடிக்கு ஏறி மெஷினை ஓர் உதை விடுவாராம். இங்கே வந்ததும் சாவிக்கொத்து போய் கையில் டேப்லெட் வந்தது. அதன்பிறகு வெயிலா மழையா என்று கேட்டால்கூட அதைத்தான் பார்த்துச் சொல்வார்.

எங்கள் கட்டடத்தின் கூரையெங்கும், முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல வெள்ளைக் குமிழ்கள் இருக்கும். அவைதான் சென்சார்கள். கீழே ஆள் அசைந்தால் விளக்கு எரியும், ஏசி ஓடும். கொஞ்ச நேரம் அசைவில்லை என்றால் இரண்டும் நின்றுவிடும். மோசமான ஏற்பாடு இல்லை. காலியாகக் கிடக்கும் கூட்ட அறைகளில் நாள் முழுக்க விளக்கெரிந்த காலம் அதனால்தான் ஒழிந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தேவரகொண்டாவில் என் அம்மா, மகள் அவ்வளவு பெரிய கட்டடத்தையே ஆட்டி வைக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். கட்டடம் எங்களை ஆட்டி வைப்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாலாவது மாடியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் ஃபரீதா ஒருநாள் துப்பட்டாவால் விசிறிக்கொண்டே கீழே இறங்கி வந்தாள்.

"நரஹரி சாப், மேல அடுப்புல வெச்ச மாதிரி இருக்கு."

அவர் டேப்லெட்டைத் தடவினார். "இருபத்துநாலு டிகிரின்னு காட்டுதேம்மா."

"எனக்கு வேர்க்குது சாப்."

"இருபத்துநாலுல எப்படி வேர்க்கும்? உடம்பு ஏதாவது சரியில்லையா, டாக்டரைப் பாருங்க."

"டாக்டரைப் பாக்கணும்தான். ஆனா நான் இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள். அவள் யாரைச் சொன்னாள் என்பது நரஹரிக்குப் புரியவே இல்லை.

ஆகஸ்டில் புனேயிலிருந்து குல்கர்னி வந்தார். கட்டடத்தின் சொந்தக்கார நிறுவனத்தில் பெரிய ஆள். இந்தத் தசரா வருகிற மாதத்தில் மின்சாரச் செலவு கால்பங்கு இறங்கினால் நரஹரிக்குத் தென்மண்டலத் தலைவர் பதவி, இறங்காவிட்டால் பழையபடி கரீம்நகர் மால் என்று சொல்லிவிட்டுப் போனார். நரஹரி அன்று சாயங்காலமே மாமனாருக்கு போன் செய்து, பதவி கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டார். கிடைக்கப் போகிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மச்சினர்கள் எல்லாரும் அரசாங்க உத்தியோகம்.

ஆனால் எந்தத் திரையைத் திருப்பிப் பார்த்தாலும் செலவு இறங்கவில்லை. ஆயுத பூஜை வந்தது. நரஹரி முடிவு செய்தார்: சர்வரிலிருந்து கூரைச் சென்சார் வரை, கட்டடத்தில் ஒன்று பாக்கியில்லாமல் பொட்டு.

துப்புரவுப் பெண்களுக்கு மேஸ்திரியான ராஜவ்வ இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். "எல்லாத்துக்குமா சாரூ? ஏணி ஏறியே எங்க இடுப்பு விட்டுப்போகும்."

"எல்லாத்துக்கும்தான். தெய்வ காரியத்துல கஞ்சத்தனம் பண்ணாத."

"சரி. அப்புறம் குங்குமம் மேல கொட்டுச்சுன்னு யாரும் என்னக் கேக்கக் கூடாது."

பெண்கள் கஞ்சத்தனம் பண்ணவில்லை. வீட்டு வாசல்படிக்கு எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்தார்கள். குமிழ் முழுவதும் மஞ்சளைக் குழைத்து அப்பி, அது காய்வதற்குள் நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. நரஹரியின் அறைக்கு மட்டும் ஏணியில் அவரே ஏறினார். அவர் வைத்தது பொட்டு இல்லை, முழுக் கவசம். அப்புறம் சாம்பிராணி, பூசணிக்காய், பிரசாதமாகப் புளிஹோரா. மறுநாள் தசரா லீவு.

லீவு முடிந்து எல்லாரும் வந்தார்கள். ஒன்பது மணிக்குத் திரையில் கட்டடம் காலியாக இருந்தது. பத்து மணிக்கும் காலி. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், பைக் நிறுத்த இடமில்லாமல் வாசலில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

நரஹரி ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஜம்மி இலையைத் திரையின் காலடியில் வைத்தார். தசராவுக்கு ஜம்மி என்கிற வன்னி இலையைப் பெரியவர்களிடம் கொடுத்துத்தான் காலில் விழுவோம். அவர் திரைக்கு முன் குனிந்ததை நான் பார்த்தேன். செலவுக் கோடு சரிவில் உருளும் கல்லைப் போல இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மவாரு கண்ணத் திறந்துட்டா" என்றார்.

"கண்ண மூடிட்டோம் சார்" என்றேன். நாலாவது மாடியில் ஏணி போட்டுப் பார்த்துவிட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தேன். "மஞ்சள் காஞ்சு ஓடு மாதிரி இருக்கு. கீழ ஆள் இருக்கறதே சென்சாருக்குத் தெரியல. மேல எல்லாரும் இருட்டுல வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. ராஜவ்வகிட்ட சொல்லித் துடைச்சிடலாமா?"

அவருக்கு விஷயம் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு கண்கள் அந்தக் கோட்டுக்குப் போயின, அங்கேயே நின்றன.

"பூஜை பண்ணின பொட்ட அழிக்கறதாம்மா? உங்க வீட்ல அப்படித்தான் செய்வாங்களா?"

எங்கள் வீட்டில் பொட்டு வைக்கிற அளவுக்குப் பெரிய மெஷின் எதுவும் இல்லை.

புகார்கள் வரத் தொடங்கின. அவற்றுக்கென்று போனில் ஒரு செயலி இருந்தது. விளக்கு இல்லை என்று புகார் போட்டால், அது சென்சாரைக் கேட்கும். சென்சார், அங்கே யாருமே இல்லையே என்று சொல்லும். உடனே, 'குறிப்பிட்ட இடத்தில் நபர்கள் இல்லை, புகார் தீர்க்கப்பட்டது, நன்றி' என்று பதில் போய்விடும். புகார் தீர்த்த வேகத்துக்கும் திரை நரஹரிக்கு ஒரு பச்சை நட்சத்திரம் கொடுத்தது.

ஜனங்கள் முதலில் கையை ஆட்டிப் பார்த்தார்கள். நாற்காலியில் ஏறிக் குதித்தும் பார்த்தார்கள். பிறகு இந்த நாட்டில் எதற்கும் செய்வது போல, அதற்கும் பழகிக்கொண்டார்கள். மேஜையை ஜன்னலோரம் இழுத்தார்கள், வீட்டிலிருந்து சின்ன விசிறிகள் வந்தன. ஃபரீதா மட்டும் பழகவில்லை. ஈரத்துணியைக் குச்சியில் சுற்றித் தன் தலைக்கு மேலிருந்த குமிழைத் துடைத்துவிட்டாள்.

நரஹரி நாலாவது மாடிக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். அரையிருட்டில் அவள் மேஜை மட்டும் நாடக மேடை போல வெளிச்சமாக இருந்தது.

"யார் துடைச்சது? இந்த மாடில ஒருத்தி இருக்கான்னு காட்டுது."

"ஒருத்தியா? திரும்பிப் பாருங்க சாப்."

அவர் திரும்பிப் பார்த்தார். இருட்டில் முகம் முகமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவர் மறுபடி டேப்லெட்டைப் பார்த்தார்.

"பூஜை விஷயத்துல விளையாடாதீங்கம்மா."

"உங்க அம்மவாரு மேல எனக்கு மரியாதை உண்டு சாப். அவங்க இருட்டுல உக்காரச் சொன்னாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அன்று மத்தியானமே அந்தக் குமிழுக்குத் திரும்பவும் மஞ்சள் பூசச் சொன்னார். ராஜவ்வ ஏணியில் ஏறி, ஃபரீதாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பூசினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். என் படிப்புக்கு அன்று இருந்த உபயோகம் அதுதான்.

மாதக் கடைசியில் குல்கர்னி வந்தார். மாடிகளுக்கு அவர் போகவில்லை; இப்போதெல்லாம் யாரும் போவதில்லை. கூட்ட அறையில் உட்கார்ந்து பெரிய திரையில் கோட்டைப் பார்த்தார். அந்த அறையின் விளக்கை மட்டும் அவர் நுழைவதற்குச் சற்று முன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நானே போட்டுவைத்திருந்தேன். அது கொஞ்ச நேரம்தான் நிற்கும். அவர் நரஹரியைப் பாராட்டி இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கியபோது அணைந்துவிட்டது.

நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். இனி மறைக்க முடியாது. கூரையில் காய்ந்த மஞ்சள் தெரிகிறது, நாங்கள் இத்தனை பேர் இருட்டில் இருக்கிறோம். குல்கர்னி கையைத் தூக்கி ஆட்டினார், ஒன்றும் நடக்கவில்லை.

"சார், இங்க சென்சார் எல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்தீங்களா" என்றார் அவர், போன் வெளிச்சத்தைப் போட்டபடி. "எவ்வளவு கறாரா இருக்கு. மேனேஜ்மெண்டுக்குன்னு ஒரு சலுகை கிடையாது. இதைத்தான் நான் எல்லா பில்டிங்லயும் எதிர்பாக்கறேன்."

நரஹரி தலையைத் தாழ்த்திக்கொண்டார். அடக்கம் என்று குல்கர்னி நினைத்திருப்பார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டுவது எனக்குத் தெரிந்தது. போன் வெளிச்சத்திலேயே பதவி கொடுக்கப்பட்டது. இனி வருகிற மாதங்களிலும் கோடு இதற்கு மேல் ஏறக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இப்போது ஒன்பதாவது மாடியில் அவருக்குத் தென்மேற்கு மூலையில் பெரிய அறை. வாஸ்துக்காக ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள். அங்கும் ஏணி ஏறித் தானே மஞ்சள் பூசினார். தன் அறையை விட்டுவிட்டால் மற்ற மாடிகளில் கேட்பார்களே. நேற்று ஒரு கையெழுத்துக்காகப் போனேன். கும்மிருட்டு. சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டு, ஒரு ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார். டேப்லெட்டின் வெளிச்சம் தாடையில் மட்டும் விழுந்தது.

"சார், உங்க ரூம்ல யாரும் இல்லன்னு காட்டுது" என்றேன்.

விசிறுவது ஒரு நொடி நின்றது.

"நல்லதும்மா" என்றார். "அப்படியே இருக்கட்டும்."