பேர் சொல்லாமல் ரேடியோவில் கூப்பிடுவது எப்படி?

போன வாரம் வாக்கி டாக்கி வாங்கினேன்.

ஆறாவதோடு நின்றவனுக்கு அது எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாம் அக்காவுக்காக.

நைனா – எங்கள் அப்பா – ஆடியில் போய்ச் சேர்ந்ததை இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். மலைப்பாதையில் ஜீப் அச்சு முறிந்து, அங்கேயே நெஞ்சுவலி வந்து... கூப்பிட்டாரோ என்னவோ. கேட்க ஆளில்லை. அச்சு மாற்றியும் ஜீப் வாசலிலேயே நின்றது. மலைமேல் எங்கள் தோட்டத்தில் சீத்தாப்பழம் அழுகுது. அக்கா வீட்டுக்காரர் – என் பாவா – ஓட்டத் தயார். அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மேல போனா எனக்குக் கொரல் கேக்கணும். இல்லன்னா வண்டி நவுராது."

பட்டணத்தில் ஒரு கடையில் விசாரித்தோம். முதலில் காட்டியது பழைய பட்டாளத்து செட்டு. பீரோ சைஸ். அதை ஏற்றினால் பழக்கூடைக்கு இடமில்லை – ரேடியோவைச் சுமக்கத்தான் ஜீப் மலை ஏறும். அடுத்தது பொம்மை மாதிரி. கடைக்குள் பேசியது, வாசலுக்குப் போனால் ஊமை. கடைசியாக, செங்கல் அளவில் ஒரு ஜோடி.

"எவ்ளோ தூரம்ங்க பேசும்?"

"கண்ணுக்குத் தெரியற தூரம்ப்பா. நடுவுல மலை கிலை வரக்கூடாது."

"தெரியற தூரத்துக்கு இது எதுக்குங்க? கைய ஆட்டினா போதாதா?" என்றார் பாவா.

"இருட்டுல ஆட்டிப் பாரு."

நியாயம்தானே? எங்கள் கே.ஜி.கண்டிகை வீட்டு மாடியில் நின்றால் மலைப்பாதை முழுக்கத் தெரியும். வாங்கிவிட்டோம். கடைக்காரர் ஒரே பாடம்தான் நடத்தினார்: பேர் சொல்லிக் கூப்பிடணும், தன் பேரைக் கேட்டவன் மட்டும் பதில் பேசணும்.

மறுநாள் சோதனை. பாவா ஜீப்பில் மலைக்கு. அக்காவும் நானும் மாடியில். முதல் வளைவில் ஜீப் நின்றது. அக்கா பொத்தானை அமுக்கினாள்.

"இந்தாங்க... உங்களத்தான்."

பதில் இல்லை.

"ஏங்க... இந்தாங்க..."

கரகரவென்று சத்தம் மட்டும். அக்கா முகம் வெளுத்துவிட்டது. நான் சைக்கிளை எடுக்க ஓடினேன். பாதி வழியில் எதிரில் ஜீப் வந்தது. பாவா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"கேக்கலயா பாவா?"

"நல்லா கேட்டுச்சு. யார் வூட்டுப் பொம்பளயோ யாரயோ கூப்புட்டுகினு இருந்தா. எம் பேரு வரலியே?"

எப்படி வரும்? பாவாவுக்கு மலைக்கோயில் சாமியின் பேர். கட்டியதிலிருந்து அக்கா கோயிலில்கூட "மலை மேல கீறவரே" என்றுதான் கும்பிடுகிறாள். சாமியையே பேர் சொல்லாதவள் ரேடியோவிலா சொல்வாள்?

"புருஷன் பேர ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லணுமா? செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா, நாங்கள் வீடு வந்ததும்.

"அப்ப வண்டியக் கூப்புடுக்கா" என்றேன். சும்மாதான் சொன்னேன். ஊரே அதை நைனா வண்டி என்றுதான் சொல்லும்.

பாவா மறுபடி மேலே போனார். அக்கா செங்கலை வாயருகே வைத்துப் பொத்தானை அமுக்கினாள். அப்புறம்...

"நைனா... நைனா, எங்க கீற?"

பொத்தானை விடவே இல்லை. விட்டால்தானே அந்தப் பக்கம் பேச முடியும்? நான்தான் விரலைப் பிரித்துவிட்டேன்.

கரகரப்புக்கு நடுவில் பாவா குரல். கொஞ்சம் தயங்கித்தான் வந்தது.

"ஆங்... கீறன்மா. நல்லாத்தான் கீறன்."

வண்டி இப்போது தினமும் மலைக்குப் போகிறது. செட்டு வாங்கப் போகிறவர்களே, எவ்வளவு தூரம் பேசும் என்பதைக் கடையில் கேட்டுக்கொள்ளலாம் – யாரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்பதை மட்டும் வீட்டிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.