மல்லிகிட்டச் சொல்லு

"அமைதி நாளுக்கு எதுக்குங்க மைக் செட்டு?"

பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பழனிச்சாமி கேட்ட கேள்வி இது. அவர் கடைக்கு எதிரேதான் நகரசபை ஆட்கள் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைக் டெஸ்டிங் ஆரம்பித்ததும் கடையில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. ஒருத்தர் டீ கேட்டார், காபி வந்தது.

நியாயமான கேள்விதானே? ஆனால் அமைதி நாள் கமிட்டியில் நானும் ஒருவன். அதனால் எனக்கு வந்ததைக் குடித்தேன்.

பாலக்காட்டின் கிழக்கு ஓரம் எங்கள் ஊர். கடை போர்டெல்லாம் மலையாளம், கடைக்குள் பேச்செல்லாம் கோயமுத்தூர்த் தமிழ். வருஷத்தில் ஒரு நாள் நகரசபை இந்த அமைதி நாளை நடத்துகிறது. வன்முறை வேண்டாம், அண்டை அயலோடு இணக்கமாக இருங்கள் என்று உறுதிமொழி எடுப்போம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புறா வரைவார்கள். பாதிப் புறா கோழி மாதிரி இருக்கும். சண்டைச் சேவல் மாதிரி இல்லாத வரைக்கும் சரி என்று பரிசு கொடுத்துவிடுவோம்.

இந்த முறை புதிதாக ஒன்று — மௌன ஜாதா, அதாவது வாய் திறக்காத ஊர்வலம். வார்டு கவுன்சிலர் பிந்து சேச்சியின் யோசனை. அவருக்குத் தமிழ் புரியும். பேசும்போது மட்டும் பாதி வழியில் மலையாளம் வந்து ஏறிக்கொள்ளும்.

"ஆரும் மிண்டக் கூடாது, கேட்டோ! ஸ்டாண்டில் இருந்து ஸ்கூல் கிரவுண்டு வரை மிண்டாமல் நடக்கணும்."

மிண்டுவது என்றால் பேசுவது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நடந்தால் ஊரில் சமாதானம் வரும் என்று கமிட்டி ஒருமனதாக முடிவு செய்தது. நானும்தான் கை தூக்கினேன்.

அங்கேதான் கோட்டை விட்டோம். எங்கள் பக்கத்துச் சண்டையைப் பார்த்தவன் எவனாவது மௌனத்தை அமைதி என்று சொல்வானா?

எங்கள் ஊரில் அடிதடி குறைவு. ஸ்டேஷனுக்குப் போவதும் குறைவு. சண்டை முற்றினால் பேச்சு நிற்கும். அவ்வளவுதான். நின்றால் நின்றதுதான்... கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள், இழவுக்குப் போவார்கள். போய், யாரோடும் பேசாமல் திரும்பி வருவார்கள்.

சரி, பேசாமல் விவசாயம் பார்க்க முடியுமா? முடியாது. ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும். ஒரே மடையிலிருந்து இரண்டு தோட்டத்துக்குப் பாயும். இன்றைக்கு இவர் முறை, முடிந்ததும் அவர் முறை. 'எனக்குப் பாய்ந்தது போதும், நீ திருப்பிக்கொள்' என்று ஒருவர் சொன்னால்தானே அடுத்தவர் மண்வெட்டியைத் தூக்க முடியும்?

கடவுள் ஆடு மாடுகளை எதற்குப் படைத்தார் என்று நினைக்கிறீர்கள்?

எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றுபோனவர்கள் மாட்டிடம் பேசுவார்கள். மாட்டைப் பார்த்துச் சொல்வார்கள், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். அவரும் பதிலை மாட்டிடமே சொல்லிவிட்டுப் போவார். மாடு அசைபோட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு பேருடைய மானமும் பிழைத்தது, பயிரும் பிழைத்தது!

சரசுவும் அவள் அண்ணன் நாச்சிமுத்துவும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பல வருஷமாக. நடுவில் நின்றது சரசுவின் எருமை. கரேலென்று இருக்கும், பெயர் மல்லி.

"மல்லி... எங்க தண்ணி முடிஞ்சுதுன்னு சொல்லு."

"மல்லி... மடையத் திருப்பியாச்சுன்னு சொல்லு."

சரசுவைக் கட்டிக்கொடுத்தது பக்கத்துத் தோட்டத்திலேயே. 'என்ற தங்கச்சிய நான் கூப்புடு தூரத்துலதான் குடுப்பேன்' என்று நாச்சிமுத்து ஒற்றைக்காலில் நின்று முடித்த சம்பந்தம் அது. ஒரு கோடையில், முறை முடியும் முன்பே மடையைத் திருப்பிவிட்டதாக சரசுவின் புருஷனுக்கும் நாச்சிமுத்துவுக்கும் வாய்த்தகராறு. நாச்சிமுத்து மண்வெட்டியை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை. ஓங்கியதோடு சரி.

அடி விழவில்லை, ரத்தம் இல்லை, கேஸ் இல்லை. கணக்குப்படி பார்த்தால் அகிம்சைதான். ஆனால் அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது.

பிறகு சரசுவின் புருஷன் தவறிப்போனார். நாச்சிமுத்து வந்தான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தங்கச்சிக்குப் போட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனான். யாரோடு சண்டையோ அவரே போய்ச் சேர்ந்துவிட்டார். மௌனம் மட்டும் போகாமல் நின்றது.

அமைதி நாளுக்குச் சில நாள் முன்னால் சரசு என் உரக்கடைக்கு வந்தாள்.

"ஏனுங்ணா, நீங்க கமிட்டில இருக்கறீங்களாமா?"

"பேருக்கு இருக்கறேன், சரசு."

"ஊர்கோலத்துல என்னைய எங்கண்ணன் பக்கத்துல நிறுத்தி உடுவீங்களா?"

நான் பில் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"பையன் கோயமுத்தூர்ல ஊடு வாங்கியிருக்கறானுங். வந்துரு வந்துருன்னு ஒரே புடி. தோட்டத்தக் குத்தகைக்குப் பேசி உட்டாச்சு. இனி ஒரே ஒரு மொறைத் தண்ணிதானுங்ணா எனக்கு. அப்பறம் நான் எதுக்கு மடைக்குப் போறேன், எங்கண்ணன் எதுக்கு மல்லிகிட்டப் பேசுது?"

"நாச்சிமுத்துகிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாமுங். சமாதானமெல்லாம் நான் கேக்கலீங்ணா. ஒருக்கா பழைய மாதிரி 'அம்முணி'ன்னு கூப்புட்டாப் போதும்."

"கோயமுத்தூர்ல எல்லாரும் அம்முணின்னுதானே கூப்புடறாங்க?"

"பஸ் கண்டக்டரு கூடக் கூப்புடுவாரு. அது வேறீங்."

அது வேறுதான். எனக்குத் தெரியாதா?

எங்கள் வார்டுக்கு ஒரு பேனர் கொடுத்திருந்தார்கள். நீளமான வெள்ளைத் துணி. இரண்டு முனையிலும் கம்பு, பிடிக்க இரண்டு பேர் வேண்டும். நெல் விவசாயிகளின் பாடசேகர சமிதியில் நாச்சிமுத்து முக்கியமான ஆள், நல்ல உயரமும்கூட. "பேனருக்கு ஒசரமான ஆளு வேணும்ப்பா" என்று பிடித்துவிட்டேன். ஒரு முனையை அவன் கையில் கொடுத்தேன். இன்னொரு முனையைப் பிடித்து நிற்பது யார் என்று அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் நகரசபை சைரன் ஊதிவிட்டது.

மௌனம் ஆரம்பம்!

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பேச வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பேசவே கூடாத இடத்தில் கொண்டுபோய் இரண்டு பேரையும் நிறுத்தியிருக்கிறேன்! அவர்கள் பிடித்திருந்த துணியில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'பேசித் தீர்ப்போம்.'

டீக்கடை பழனிச்சாமி கல்லாவில் உட்கார்ந்தபடி அதைப் படித்தார். அண்ணனைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அப்புறம் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பின்னாலேயே நடந்தேன். அவன் உயரம், அவள் குள்ளம். பேனர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் நாச்சிமுத்து தன் கம்பை இறக்கிப் பிடித்தான். அவன் நடையும் குறைந்தது. அவள் எட்டு வைக்க அவன் எட்டு வைத்தான். வளைவில் தேங்காய் லாரி ஒன்று ஒதுங்காமல் வந்தபோது, அவளுக்கு முன்னால் சுற்றி வந்து ரோட்டுப் பக்கம் நின்றுகொண்டான். பேனரில் எழுத்து பின்பக்கமாய்த் திரும்பி, ஊருக்கு முதுகைக் காட்டியது. அதைப் பற்றி யாருக்கு என்ன?

சரசு நேராகப் பார்த்தபடி நடந்தாள்.

கிரவுண்டில் சைரன் ஊதியது. அடக்கி வைத்த அத்தனை வாயும் ஒரே நேரத்தில் திறந்தது. "பாயசம் உண்டு, எல்லாரும் வரிவரியாய் நில்லுங்கள்!" என்று மைக்கில் பிந்து சேச்சி. சரசு திரும்பி, "அண்..." என்றாள். பாதி வந்தது. நாச்சிமுத்து குனிந்து துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஒழுங்காக, கசங்காமல் சுருட்டி, அவள் கையில் வைத்தான். போய்விட்டான்.

"சுருட்டிக் குடுத்துட்டுப் போயிருச்சுங்ணா" என்றாள் என்னிடம். சிரித்தாள். பாயசம் வாங்கவில்லை.

அவளுடைய கடைசி முறைத் தண்ணீர் அடுத்த வாரம் வந்தது. "அன்னிக்குக் காலைல வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்ணா, அப்பறம் இந்த ஊட்டுல யாரு குடுப்பாங்க" என்று சொல்லியிருந்தாள். போனேன். வாசலில் கட்டி வைத்த மூட்டைகள். சமையலறையில் இரண்டே டம்ளர். மடைக்குப் பக்கத்தில் மாடு கட்டும் முளைக்குச்சி மட்டும் இருந்தது. அதில் ஒரு துண்டுக் கயிறு.

"மல்லி?"

"முந்தாநேத்து வித்துட்டனுங். மூணாவது மாடீல எருமைய எங்க கட்டறது?"

நாச்சிமுத்து வந்தான். தோளில் மண்வெட்டி. அவள் வயல் நிரம்பித் தண்ணீர் வரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய நேரம். சரசு வழக்கம்போல முளைக்குச்சிப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்... மூடினாள்.

அவனும் முளைக்குச்சியைப் பார்த்தான்.

தண்ணீர் வரப்பைத் தாண்டியது. இரண்டு பேரும் நிற்கிறார்கள். அப்போது என்ன ஆயிற்று தெரியுமா? நாச்சிமுத்துவின் கண் மெல்ல நகர்ந்து... என் மேல் வந்து நின்றது!

எனக்குப் புரிந்துவிட்டது. காலியான வேலைக்கு ஆள் எடுக்கிறான்.

என் ஆயுளில் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன் என்றால் அது இதுதான் — வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, ஆமாமா, சொல்லுங்க" என்று தென்னைமரங்களுக்கு நடுவே நடந்துவிட்டேன். எருமையாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

காது மட்டும் அங்கேதான் இருந்தது.

தண்ணீர்ச் சத்தம். அப்புறம்:

"மல்லி எங்க?"

அவனுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்திருக்கும். கேட்க அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

"வித்தாச்சு."

"யாருக்கு?"

"பொள்ளாச்சி யாவாரி ஒருத்தருக்கு."

"என்றகிட்டச் சொல்லீருந்தா நான் புடிச்சிருக்க மாட்டனா, அம்முணி?"

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

"எப்படிண்ணா சொல்லுவேன்? மல்லிய விக்கப்போறேன்னு... மல்லிகிட்டயேவா சொல்லச் சொல்றே?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. யார் முதலில் அழுதது என்றும் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது இருவரும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மண்வெட்டி ஒரு பக்கம் கிடந்தது. வரப்பைத் தாண்டிய தண்ணீர் அடுத்தவர் தென்னந்தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. எந்தத் தண்ணீருக்காக மண்வெட்டியை ஓங்கினானோ அதே தண்ணீர்! ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஒரு காலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்தது, சரசு ஏறிப் போய்விட்டாள். கூப்பிடு தூரத்தில் இருந்த காலமெல்லாம் கூப்பிடவில்லை... கூப்பிட்டபோது அவள் எல்லை தாண்டிப் போக மூட்டை கட்டியிருந்தாள்.

நேற்று அவளோடு போனில் பேசினேன். கோயமுத்தூர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லா இருக்குதுங் என்றாள், நல்லாயில்லாத குரலில்.

"எங்கண்ணன் மொறைக்கு மொறை போன் பண்ணுதுங்ணா. 'தண்ணி வந்துருச்சு, அம்முணி'ங்கும். அப்பறம் போனை மடைகிட்ட வெச்சிரும். நான் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பனுங்."

"பேச மாட்டீங்களா?"

"அத்தன வருசத்தையும் போன்ல பேசி முடியுங்களா? தண்ணி போற சத்தம் கேக்குது. போதுமுங்."

போதாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் ஆமாம் என்றேன்.

பிந்து சேச்சியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த அமைதி நாளுக்கும் மைக் செட்டு வரட்டும், பாயசமும் இருக்கட்டும். ஆனால் ஸ்டாண்டில் இருந்து கிரவுண்டு வரை எல்லாரும் மிண்டிக்கொண்டேதான் நடக்க வேண்டும் — எருமைகளுக்கு அனுமதியில்லை!