சூப்பர் ஹீரோவின் வலது தோள்

பத்தாவது படிக்கும் என் மகள் செல்போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "சூப்பர் ஹீரோங்க நம்மள மாதிரி ஆளுங்களோட இருந்தா சந்தோஷமா இருப்பாங்களாம்மா?" எனக்குச் சுருக்கென்றது. "உங்கப்பாவக் கேளு" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு சூப்பர் ஹீரோ என் வீட்டுக்காரர்தான். நானாகச் சொல்லவில்லை, தெருமுனையில் ஃபிளெக்ஸே கட்டினார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடித் திருவிழாவில் எங்கள் தெரு அம்மனின் சப்பரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது, முன்னால் போனவர் காலடியில் சாக்கடையை மூடியிருந்த கல் உடைந்தது. அவர் விழுந்தார், கூடத் தூக்கினவர்கள் பதறி விலகினார்கள், சப்பரம் சரிந்தது. இவர் ஒருத்தர்தான் வலது தோளைக் கொடுத்து நின்றார். மற்றவர்கள் ஓடிவந்து தாங்குகிற வரைக்கும் அம்மன் தரையைத் தொடவில்லை.

அன்றிலிருந்து அவர் ஊருக்கு நேர்ந்துவிட்ட ஆளாகிவிட்டார். மாடிக்கு பீரோ ஏற்ற வேண்டுமா, கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்க வேண்டுமா, குடித்துவிட்டு கலாட்டா செய்கிறவனை மடக்க வேண்டுமா, கூப்பிடு அண்ணனை. இவரும் போட்டது போட்டபடி எழுந்து ஓடுவார். எங்களுடையது கோர்வைத் தறி. சேலையின் நடு உடலை அவர் நெய்ய, வலப்பக்கத்துக் கரைக்கு நூல் போடும் நாடாவை நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஒருத்தர் எழுந்தால் இன்னொருத்தருக்கு வேலை இல்லை. நான் உட்கார்ந்த இடத்திலேயே அவரைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தத் தோள் அன்றைக்கே போய்விட்டது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்லித் தெரிந்ததில்லை. ஒவ்வொரு இழைக்கும் தறிப் பலகையை இழுத்து அடித்தால்தான் துணி நெருக்கமாக வரும். அவர் அடி தளர்ந்துபோயிருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் என் இடது கையை நீட்டி, பலகையைப் பிடித்து, அவரோடு சேர்ந்து இழுத்தேன். அவரும் என் கையை விலக்கவில்லை. மூன்று வருஷம் அப்படித்தான் நெய்தோம். ஊருக்கு முன்னால் பீரோ தூக்கிவிட்டு வந்து, வீட்டில் சட்டையைக் கழற்ற என்னைக் கூப்பிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் மட்டும் காது கேட்காது.

இந்த ஆடியில் விழாக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். "அண்ணே, முன்னாடி தோள் நீங்கதான். வேற யாரு இருக்கறாங்க?" இவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"அவரால முடியாதுப்பா. தோளு போயி மூணு வருசம் ஆவுது. பலகையக்கூட நான்தான் கூட சேந்து இழுத்துக்கினு இருக்கறேன்."

ஒருத்தர் "அய்யய்யோ, சொல்லவே இல்லையே அண்ணி" என்றார். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். இவர் என்னைப் பார்க்கவே இல்லை.

நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. சப்பரத்தை வேறு ஒருத்தர் தூக்கினார், தோள் தப்பித்தது. இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. டீக்கடைக்குப் போனபோது எழுந்து ஸ்டூல் கொடுத்தார்களாம். அதற்கப்புறம் அவர் டீக்கடைக்கும் போகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை என் பக்கத்திலேயே இருக்கிறார். தெருவில் யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் மட்டும் கை நின்றுவிடும். தனக்கில்லை என்று தெரிந்ததும் மறுபடி ஓடும். அந்த ஒரு நொடி அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

மகளுக்கு நான் சொல்லாத பதில் இதுதான். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், வலியோடு. அது பொறுக்காதவள் நான். உண்மையைச் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. பலகை விஷயத்தை மட்டும் அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. அது எங்கள் இரண்டு பேருடையது.

கமிட்டிக்காரர்கள் வந்துபோன மறுநாள் தறியில் உட்கார்ந்து, வழக்கம்போல இடது கையைப் பலகையில் வைத்தேன்.

"கைய எடும்மா" என்றார். கோபமே இல்லை.

எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தனியாகத்தான் அடிக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் அவர் பல்லைக் கடிப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கிறது. வலது கையால் கரை நாடாவை ஓட்டுகிறேன். இடது கையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.