டிரைவர் சீட்டின் ஓரத்தையல்

பழைய கார் விற்கும் எங்கள் கொட்டகையில் என் அண்ணனை எல்லோரும் பூனைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்வேட் தோல் மாதிரி மெல்லிய ரோமம் உள்ள துணி போட்ட சீட்டைக் கண்டால் பூனையைத் தடவுவதுபோல் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பலபேர் உட்கார்ந்து ரோமம் படுத்து, பிசுக்கேறி மினுமினுக்கும் துணிகூட அவர் கைக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும். உருண்டு நிற்கும் பிசிறுகளைச் சவரம் செய்வார். ஈரத்துணியால் ஒற்றுவாரே தவிர ஒருநாளும் தேய்க்க மாட்டார். காய்ந்தபின் மெல்லிய பிரஷ்ஷால் ரோமத்தை எழுப்பிவிடுவார். நான் அங்கே கார்களின் உள்ளே கூட்டித் துடைக்கிறவள். அண்ணன் முடித்த சீட்டில் கை வைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அன்று காலை அவருடைய தையல் மிஷினுக்கு அடியில் கூட்டும்போது விரல்நுனி அளவில் ஒரு துணிப்பட்டை கிடைத்தது. மேலே ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அந்த எழுத்து தெரியாது.

"அண்ணே, இது வேணுமா, குப்பையா?"

வாங்கிப் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏர்பேக்னு போட்டிருக்கு. முந்தாநாள் போச்சே அந்த நீலக் கார், அதோட டிரைவர் சீட்டுல இருந்தது."

அந்தச் சீட்டின் கதவுப்பக்க ஓரம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. அண்ணன் பின்சீட்டின் அடியிலிருந்து அதே துணியை வெட்டி ஒட்டுப்போட்டிருந்தார். பழைய வண்டிகளிலேயே கை பழகியவர். சீட்டுக்குள்ளும் காற்றுப்பை இருக்கும் என்பது அன்றைக்கு நினைவில் வரவில்லை. கார் மோதினால் அந்தப் பை ஓரத்தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அதற்காகவே அங்கே மட்டும் சட்டென்று அறுகிற நூல் போட்டிருப்பார்களாம். அண்ணனோ யானை இழுத்தாலும் அறாத நூலால் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டார்.

வாங்கிய அம்மா அப்போதுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். "பிரேக்குக்கும் எனக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்ல" என்று சிரித்தபடிதான் சாவியை வாங்கிக்கொண்டார். அது நினைவுக்கு வந்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

முதலாளியிடம் சொன்னோம். "வாங்குறவங்க எல்லாம் இடிச்சுக்கிட்டா திரியுறாங்க? விடுங்க பூனைக்காரரே" என்றார். ஆனாலும் விலாசம் கொடுத்தார். அந்த அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஸ்கூட்டரில் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆண்டவனே, அந்த அம்மாவை இன்றைக்கு வீட்டிலேயே வைத்திரு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். எதிரே நீலமாக எது வந்தாலும் உயிர் போய் உயிர் வந்தது.

வாசலில் அவருடைய மாமியார் நின்றிருந்தார். "மருமகளா? ஓட்டிப் பழகப் போயிருக்கா. போன வழியில எத்தனை சுவரு மிஞ்சியிருக்கோ."

அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டார். கேட் கிடுகிடுவென்று ஆடியது.

வெகுநேரம் கழித்துக் கார் வந்தது. டிரைவர் கதவில் நீளமாக ஒரு கீறல்.

"தூணு ஒண்ணு குறுக்க வந்துடுச்சு" என்று இறங்கிய அந்த அம்மா, அண்ணனைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏன் அழுறீங்க, என் கார்தானே?" என்றார்.

அண்ணன் எதையும் ஒளிக்கவில்லை. "தப்பு என்னோடதும்மா. பலமா மோதியிருந்தா பை வெளிய வந்திருக்காது."

மாமியாரின் சிரிப்பு நின்றது. "நேத்து இதுலதான் பிள்ளைய ஏத்திக்கிட்டுப் பெரிய ரோட்டுல போனேன்" என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்.

கை பட்டுப் பை வெடித்துவிடாமலிருக்க அண்ணன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் சற்றுநேரம் பொறுத்தார். பிறகு கதவோரம் மண்டியிட்டார். தையல் யார் கண்ணுக்கும் படக்கூடாது என்று செய்தது, இப்போது அவர் கண்ணுக்கே படவில்லை. ரோமத்தை எதிர்ப்பக்கம் தள்ளித் தள்ளித் தேடினார். அகப்பட்ட நூலைச் சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தார். கத்திமுனை உள்ளேயிருக்கும் பையில் பட்டுவிடுமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நூல் முழுதும் வெளியே கிடந்தது. சீட்டின் ஓரம் வாய் பிளந்து நின்றது.

"கம்பெனி சீட் உறை வாங்கிப் போடுற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்கம்மா."

"சாவிய நீங்களே வெச்சுக்கங்க. என்னை நம்ப முடியாது" என்றார் அவர்.

அண்ணன் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, அதை ஒரு கையால் பொத்திக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"ரெண்டு கையாலயும் ஓட்டுங்கண்ணே" என்றேன்.