பரிசு வாங்கிய கோழி

எழுத்தே இல்லாத புத்தகத்துக்கு எவனாவது பரிசு கொடுப்பானா என்று என் அப்பா எங்கள் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வாரம் அது. எனக்கு அப்போது ஏழு வயது. உழவர்கரையிலிருந்து என்னை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துப் புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப்போன அப்பா, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பெரிய படப் புத்தகத்தை வாங்கித் தந்திருந்தார். அட்டையில் ஒரு சிவப்புக் கோழி, அதன் தலைக்கு மேல் ஒரு தங்க முத்திரை. வெளிநாட்டில் பரிசு வாங்கிய புத்தகம் என்று கடைக்காரர் சொன்னதும் அப்பா பேரம்கூடப் பேசவில்லை. பரிசு வாங்கிய புத்தகத்தைப் படித்தால் பெண்ணும் பரிசு வாங்கும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

வீட்டில் உறையைப் பிரித்தால் உள்ளே படங்கள்தான், ஒரு பக்கத்தில்கூட எழுத்து இல்லை. அப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். மறுநாளே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார்.

"சார், இது படத்தப் பாத்து நாமளே கதை சொல்லிக்கிற புக்கு. அதுக்குத்தான் பரிசே."

"கதைய நான் சொல்றதுக்கு நீ எதுக்குப்பா காசு வாங்கின?"

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி முடிவதற்குள் கொண்டுவந்து கொடுத்தால் வேறு புத்தகம் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். அப்பா அங்கேயே ஒரு பொது அறிவுப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தார். எனக்கு அழுகை முட்டியது. அந்தக் கோழி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டில் அப்போது இன்னொரு பிரச்சினையும் ஓடிக்கொண்டிருந்தது. அரசு உத்தியோகத்தில், தெலுங்கு பேசும் ஊரான ஏனாமுக்கு மாற்றலாகிப் போயிருந்த சித்தப்பா, திரும்பி வரும்போது ஒரு சித்தியோடு வந்துவிட்டார். சித்திக்குத் தாய்மொழி தெலுங்கு. தமிழ் புரியும், பேசத்தான் கூச்சம். தம்பியை வெளியே போ என்று சொல்ல அப்பாவுக்கு மனசில்லை, சித்தியை வா என்று சொல்ல வாய் வரவில்லை. சித்தி எதிரில் நிற்கும்போதே, "பாப்பா, உங்க சித்திய மோட்டார நிறுத்தச் சொல்லு" என்பார். சித்தியும் நான் சொல்லும்வரை காத்திருந்து நிறுத்துவாள். இப்படியே போனால் திரும்ப ஏனாமுக்கே மாற்றல் கேட்டுவிடப் போவதாக சித்தப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது. ஆனால் என் கவலையெல்லாம் புத்தகத்தைப் பற்றித்தான்.

ஞாயிறு வருவதற்குள் முடிந்தவரை பார்த்துவிட வேண்டும் என்று அதைத் தோட்டத்துத் துணி துவைக்கும் கல்லுக்கு எடுத்துப் போவேன். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவாள். புத்தகத்தில், பேருந்தின் மேலிருந்த கூடையிலிருந்து கோழி நழுவி விழுகிறது. தெரியாத ஊர். நாய் துரத்துகிறது, மழை பிடிக்கிறது, காய்கறி வண்டிக்குக் கீழே ஒதுங்குகிறது. நான் தமிழில் கதை சொன்னேன், அவள் தெலுங்கில் சொன்னாள். நாய் வரும் பக்கத்தில் நான் குரைப்பேன். சித்தி பயந்த கோழியாகக் கத்துவாள். எங்கள் வீட்டில் அவள் சத்தமாகப் பேசியது அந்தக் கல்லின்மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா புத்தகத்தைப் பையில் வைக்கப் போனார். வைப்பதற்கு முன்னால், கிழிசல் இருந்தால் கடைக்காரன் வாங்க மாட்டானே என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பக்கத்தில் ஒரு நீல வீடு, திறந்த கதவு. கோழியின் ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே இருக்கிறது, கழுத்து மட்டும் திரும்பி ரோட்டைப் பார்க்கிறது.

"பாத்தியா, ரோட்டப் பாக்குது. இது தங்காது, வந்த வழியே போயிடும். முடிவே இல்லாத கதை. இதுக்கு ஒரு பரிசு!" என்றார் அப்பா.

"போவாது மாமா."

சித்தி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் அப்பாவிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதோடு நிறுத்தவும் இல்லை. "தல மட்டும்தான் மாமா அங்க. காலு உள்ள வெச்சிடுச்சி."

அப்பா படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கோழிக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

"கால வெச்சா ஆச்சா?" என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில். "வீட்டுக்காரங்க யாராச்சும் உள்ள வான்னு சொல்லணுமில்ல? படத்துல ஒருத்தரையும் காணோமே."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அதுல இல்லன்னா நீங்க சொல்லுங்களேன். பாத்து சொல்ற புக்குதான?"

அப்பா புத்தகத்தை மூடினார். பையில் வைப்பார் என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். புத்தகம் என் கையில் வந்து விழுந்தது. நான் கண்ணைத் திறந்தபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்து, என் வழியாக இல்லாமல், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்.

சித்தி இல்லை என்று தலையாட்டினாள், அவ்வளவுதான், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சித்தப்பா நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். புத்தகம்தான் நம்மிடமே தங்கிவிட்டதே, பிறகு ஏன் இத்தனை பேர் அழுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு கோழியின் காலை வைத்துப் பேசிய பேச்சில் அப்பா தோற்றுப்போயிருந்தார். அதற்காக அம்மா ஏன் அன்று மத்தியானம் பாயசம் வைத்தாள் என்பதும் எனக்குப் புரியவில்லை. இரண்டு டம்ளர் குடித்தேன்.